உத்தரத்தில் முளைத்த காதுகள்

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த வீட்டில் வாடகை கொடுக்காமல் இரண்டு உயிர்கள் குடியிருந்தன. ஒன்று பெருச்சாளி. மற்றது கூடத்து உத்தரத்தில் முளைத்திருந்த காளான். பெருச்சாளி என்றால் எனக்கு உயிர்ப்பயம். காளான் என் சிநேகிதி. யாருக்குப் பயப்படுவது, யாரை நம்புவது என்பதை எட்டு வயதில் நான் முடிவு செய்து வைத்திருந்த லட்சணம் அப்படி.

வீடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அரிசி மூட்டை அடுக்கும் பழைய பண்டகசாலை ஒன்றின் பின்பக்கம் ஒரு கூடமும், அதை ஒட்டி ஒரு சமையலறையும் எங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. கூடம் ராஜா காலத்துக் கட்டடம். கை வைத்தால் குளிரும் கனத்த சுவர்கள், தலைக்கு மேலே பலகைத் தட்டு, அந்தத் தட்டைத் தாங்கிக்கொண்டு சுவருக்குச் சுவர் ஒரு பெரிய மர உத்தரம். தட்டுக்கு மேலே வீட்டுக்காரர் தன் முன்னோர்களின் உடைந்த அலமாரிகளையும் கட்டில்களையும் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். சமையலறை மட்டும் பிற்பாடு யாரோ சேர்த்துக் கட்டியது. மண் தரை, இடுப்பளவு சுவர், அதற்குமேல் தட்டி, இலேசான தகரக் கூரை. மழை பெய்தால் அந்தத் தகரத்தின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கூடக் கேட்காது. அதனால் எல்லோரும் படுப்பது கூடத்தில்தான்.

அப்பா திருப்பூணித்துறையில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். முதல் பஸ்ஸுக்குப் போய், விளக்கு வைத்தபிறகு திரும்புவார். அம்மா மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்பாள். தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் காணாதவன். இவர்களோடு மாமா. அம்மாவின் தம்பி, முன்பக்கப் பண்டகசாலையில் மூட்டை சுமப்பவர். படுக்கை வேறெங்கோ, சாப்பாடு எங்கள் வீட்டில், பேச்சு எல்லா இடத்திலும்.

பெருச்சாளி பயத்தை எனக்கு ஊட்டி வளர்த்தவர் மாமாதான். அரிசி இருக்கிற இடத்தில் அது இருக்கும் என்பார். பூனை அளவு இருக்கும் என்பார். பூனை அதைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் என்பார். பூமிக்கடியில் தெரு தெருவாகத் தோண்டி, அரிசியைக் கொண்டுபோய்க் குவித்து வைத்து, கல்யாண வீடு மாதிரி உட்கார்ந்து தின்னுமாம். அரிசி அலுத்துப்போனால் தூங்குகிற பிள்ளைகளின் கால் கட்டைவிரலை ருசி பார்க்குமாம். சொல்லிவிட்டு மாமா குழம்பைப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். நான் எழுந்திருக்கும் வரை காலை மடக்கிப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒருமுறைதான் அதைப் பார்த்திருக்கிறேன். விடிந்தும் விடியாத நேரம், பின்பக்கச் சாக்கடை ஓரத்தில் கறுப்பாக, ஈரமாக, வயிறு தரையில் உரச ஓடியது. ஓடும்போது ஓர் உறுமல். எலி இனத்துக்கு உறுமத் தெரியும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கக்கூஸ் இருந்தது அந்தச் சாக்கடையைத் தாண்டி. அன்றிலிருந்து நான் அடக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விடுவேன். வயிற்றுவலி வந்து அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம்.

காளான் அப்படியில்லை. ஜூன் மாதம் ஓட்டு வழியாக ஒழுகும் தண்ணீர் தட்டில் தேங்கி உத்தரத்தில் இறங்கியதும் அது பிறந்துவிடும். பழுப்பு நிறம், மடல் மடலாக, தொட்டால் மெத்தென்று, அசல் மனிதக் காது. வெயில் இரண்டு நாள் அடித்தால் கறுத்துச் சுருங்கி இல்லாமற் போன மாதிரி இருக்கும். மறுபடி ஒரு மழை பெய்தால் சாயங்காலத்துக்குள் உப்பிக்கொண்டு வந்து நிற்கும். இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்க அத்தனை காதுகள் வேறு யாருக்கும் கிடையாது. தம்பி அடித்தது, கணக்கில் தோற்றது, பள்ளிக்கூடத்தில் என் மலையாளத்தைக் கேட்டுச் சிரித்தது எல்லாம் அண்ணாந்து படுத்தபடி அதனிடம்தான் சொல்வேன். இன்னொரு காரியத்துக்கும் அதை நம்பியிருந்தேன். இருட்டில் பெருச்சாளி வந்தால் முதலில் அந்தக் காதுகளுக்குத்தான் கேட்கும், எப்படியாவது எங்களுக்குத் தெரியப்படுத்தும் என்று நினைத்தேன். எப்படித் தெரியப்படுத்தும் என்று யோசித்ததில்லை. பயந்தவர்கள் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருநாள், வீட்டில் மனிதரும் ஆடு கோழியும் தவிர வேறு எந்த இரண்டு உயிர்கள் இருக்கின்றன, அவற்றை ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்றார். மற்றப் பிள்ளைகள் பல்லி, கரப்பான் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். நான் எழுந்து பெருச்சாளியையும் காளானையும் ஒப்பிட்டேன். அது கீழே, இது மேலே. அது ஓடும், இது இருந்த இடத்தில் இருக்கும். அதற்குப் பல்லும் நகமும் உண்டு, இதற்கு ஒன்றும் கிடையாது. அது ஒளிந்துகொண்டு கெடுதல் செய்யும், இது எல்லோரும் பார்க்க உட்கார்ந்துகொண்டு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. கடைசியாக, அது தின்னும், இது தின்னாது என்றேன். டீச்சர் அந்த ஒன்றை மட்டும் தப்பு என்றார். மரத்தில் முளைப்பது மரத்தைத்தான் தின்கிறது என்றார். எந்த வாயால் என்று கேட்க நினைத்து, அடிக்குப் பயந்து உட்கார்ந்துவிட்டேன். நம்பவில்லை.

அந்த வருஷம் மழை பலத்தது. கூடத்தில் சத்தங்கள் கூடின. கிர்ர் என்று ஏதோ கரண்டுவதுபோல ஒரு சத்தம். சில சமயம் டப் என்று ஒன்று. சாப்பிடும் தட்டில் பொடிப்பொடியாக மரத்தூள் விழும். நான் மிரண்டுபோய்ப் பார்ப்பேன்.

“ஒண்ணுமில்லட்டி, பெருச்சாளி” என்பாள் அம்மா.

ஆறுதல் சொல்கிறாளாம். கீழே தோண்டுகிற பிராணி மேலேயிருந்து எப்படித் தூள் கொட்டும் என்று நான் கேட்கவில்லை. அது தரையை முடித்துவிட்டு மாடிக்கும் ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டு கூடுதலாகப் பயந்தேன். சொல்லப்போனால் அப்போது அம்மாவும் அது பெருச்சாளி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் வீட்டுக்காரரின் காரியஸ்தர் வந்தார். வீட்டுக்காரரிடம் கட்டடத்தை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்க யாரோ கேட்டிருந்தார்கள். எங்களைக் காலி செய்யவைக்கத்தான் வழியில்லாமல் இருந்தது. காரியஸ்தர் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, கட்டடம் அபாயம் என்று கார்ப்பரேஷனில் சொல்லியாயிற்று, புதன்கிழமை அங்கேயிருந்து சார் வந்து பார்ப்பார், அவர் ஆமாம் என்று எழுதிவிட்டால் அன்றைக்கே இறங்க வேண்டியதுதான் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அம்மா கொஞ்ச நேரம் கிரைண்டரை அணைக்க மறந்து நின்றாள். வேறு வீடு என்றால் முன்பணம். நடு மழைக்காலம். சாமான்களோடு எங்கே போய் நிற்பது என்று அப்பாவிடம் அவள் கேட்டதும், அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் வேறு. தெருவில் படுத்தால் பெருச்சாளிக்கு இன்னும் வசதி.

மறுநாள் மத்தியானம் மாமா ஸ்டூல் போட்டு ஏறி, உத்தரத்தில் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். அது பிடிவரை உள்ளே போயிற்று. வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்தினால் போகுமே, அப்படி. மாமாவின் வாய் முதன்முறையாக மூடிக்கொண்டது. அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இத சார் கண்டா கத தீந்து” என்றார் மாமா.

அம்மா என்னைத் தெருவில் போய் விளையாடச் சொன்னாள். மழையில் தெருவில் விளையாடச் சொன்ன ஒரே நாள் அதுதான். நான் வாசற்படி தாண்டாமல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா கத்தியால் என் காதுகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். எடுத்ததை ஒரு பையில் போட்டுச் சாக்கடையில் கொட்டினார். துளையில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தார். மேலே என் பள்ளிக்கூட ஷூவுக்குப் போடும் கறுப்புப் பாலிஷைத் தேய்த்தார். நான் அழுத அழுகையில் தம்பியும் காரணம் தெரியாமல் சேர்ந்து அழுதான். மேலே இனி யாருமில்லை. பெருச்சாளி வருவதைக் கேட்க இந்த வீட்டில் ஒரு காதும் மிச்சமில்லை.

புதன்கிழமை காலையில் விழித்துச் சமையலறைக்குப் போனவள் அலறிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், மண் தரையில், மூன்று வளைகள். ஒவ்வொன்றிலும் என் காலை முழங்கால் வரை விடலாம். வளை வாயில் புதுமண் குவிந்திருந்தது, சுற்றிலும் அரிசி சிதறிக் கிடந்தது. வந்துவிட்டது. காவல் போன மறுநாளே வீட்டுக்குள் வந்துவிட்டது.

மாமா அங்கேதான் குந்தியிருந்தார். அவர் நகக்கண்ணெல்லாம் மண். முழங்கைவரை மண். உள்ளே கையை விட்டுப் பிடிக்கப் பார்த்ததாகவும் வழுக்கிக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். அவ்வளவு பெரிய வளைக்குள் வெறுங்கையை விட்ட மாமாவைப்போல ஒரு வீரரை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா ஏனோ அவரைப் பாராட்டவில்லை. “ரொம்பப் பெருசாத் தோண்டிட்டுல்லா” என்று மட்டும் சொன்னாள். பெருச்சாளியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சார் வருவதற்குள் வீடு வேறு மாதிரி ஆகியிருந்தது. உத்தரத்துக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஈரச் சேலைகளும் போர்வைகளும் தொங்கின. மாமா எங்கிருந்தோ ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து, கரண்ட் போய்விட்டது என்று அறிவித்தார். மழைக்கால மத்தியானத்தில் எங்கள் கூடம் கிணறு மாதிரி இருந்தது. நான் கட்டிலின் மேல் ஏறிக் காலை மடக்கி, வளைகள் இருக்கும் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் அது வந்துவிடும்.

சார் சின்ன வயதுக்காரர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, சொட்டும் குடையோடு வந்தார். கூடவே காரியஸ்தர். துணியையெல்லாம் எடுக்கச் சொன்னார் காரியஸ்தர். “மழயல்லே சாரே, எவிடெ ஒணக்கும்?” என்றாள் அம்மா மலையாளத்தில் மெதுவாக, மழையில் வேறெங்கே காயப்போடுவது என்று. சாருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து அதன் டார்ச்சை அடித்தார். மாமா யோசிக்காமல் விட்ட ஒரே சங்கதி அது. வெளிச்சம் சுவரில் ஏறியது. விரிசல்களைப் பார்த்தது. ஜன்னலைப் பார்த்தது. அம்மா என் பக்கத்தில் வந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

காரியஸ்தர் உத்தரத்தைப் பார்க்கச் சொல்லி நச்சரித்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என் காதுகளின் நினைவு வந்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சார் திரும்பினார். என் முன்னால் குனிந்தார்.

“மோளே, நினக்கு எந்தினெயா பேடி?”

எதைக் கண்டு பயம் என்று கேட்கிறார். அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கண் தானாக மேலே போயிற்று, சேலைகளுக்கு இடையில், காதுகள் இருந்த இடத்துக்கு. சாரின் கண்ணும் என் கண்ணைத் தொடர்ந்து மேலே போயிற்று. டார்ச் வெளிச்சமும் சேலையின் ஓரத்தில் ஏறத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து, கிர்ர்ர்.

எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சாரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் அம்மா மூச்சு விடவில்லை, காரியஸ்தரின் முகம் மலர்ந்தது. மாமாதான் முதலில் குதித்தார்.

“பெருச்சாழி! சாரே, காலு! காலு!”

நான் போட்ட அலறலில் முன்பக்கப் பண்டகசாலையில் மூட்டை இறக்கியவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். கட்டிலிலிருந்து பாய்ந்து சாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெருச்சாழி பெருச்சாழி என்று கத்தினேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேயே போய்விட்டது, அவர் செருப்பின் மேலேயே. சார் ஒற்றைக் காலில் நின்றார், அப்புறம் மற்றக் காலில் நின்றார். டார்ச் தரை முழுக்க ஓடியது. மாமா அவரைக் கையைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் வளைகளைக் காட்டினார். சார் வாசற்படியைத் தாண்டவில்லை. எட்டிப் பார்த்தார், உடனே ஓர் அடி பின்னுக்கு வந்தார்.

“இது ஹெல்த்துகாரு நோக்கேண்ட காரியமா” என்றார். கட்டட விஷயமே இல்லை, சுகாதாரத்தைச் சேர்ந்தது என்று தீர்ப்பாகிவிட்டது. உத்தரத்தைப் பார்க்கவில்லையே என்று காரியஸ்தர் மறுபடி இழுத்தார். பார்த்தேன் என்று சார் எரிந்து விழுந்தார். போகும்போது என் தலையில் கை வைத்து, குழந்தை ரொம்பவும் பயந்துபோயிருக்கிறாள், வளைகளை உடனே அடையுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அந்த வீட்டில் அன்றைக்கு உண்மை பேசிய ஒரே ஆள் நான். என்னை வைத்துத்தான் பொய் ஜெயித்தது.

மாமா பரோட்டாவும் கறியும் வாங்கி வந்தார். சாரின் ஒற்றைக்கால் நடனத்தை ஆடிக் காட்டினார். அப்பாவும் அன்று சீக்கிரம் வந்துவிட்டார், கேட்டுச் சிரித்தார், மழை விட்டதும் களமசேரிப் பக்கம் ஓர் இடம் பார்ப்போம், அதுவரைக்கும் தள்ளினால் போதும் என்றார். அப்படித்தான் நடந்தது. நாங்கள் போன மறுவருஷம், ஆள் யாரும் குடியில்லாத நேரத்தில், உத்தரம் ஒடிந்து தட்டும் அலமாரிகளுமாகக் கூடத்தில் இறங்கியதாக மாமா வந்து சொன்னார். அம்மா அவருக்குச் சாயா போட எழுந்து போனாள், வெகுநேரம் வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமை சாயங்காலத்தை. பரோட்டா தின்று முடித்ததும் அம்மா எங்கள் பாயைச் சுருட்டினாள். என் பாய், தம்பியின் பாய், தலையணைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் விரித்தாள். வளைகளை மாமா மண் போட்டு மூடியிருந்தார். மூடிய இடம் இன்னும் ஈரமாக, புதுசாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் படுக்கை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பழையபடி கூடத்தில். சமையலறையில் இன்னும் இரண்டு பேர் காலை நீட்ட இடமில்லைதான். அதெல்லாம் எனக்கு எதற்கு? நீ இங்கே படு, நாங்கள் அங்கே படுக்கிறோம் என்று அழுதேன். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். அம்மா எப்போதும் என் அழுகைக்கு இளகிவிடுகிறவள். அன்று இளகவில்லை. காரணம் கேட்டால் அதையும் சொல்லவில்லை. நான் எழுந்து கூடத்துக்கு ஓடியபோது இழுத்துக்கொண்டு வந்து முதுகில் ஒன்று வைத்தாள். என்னை அவள் அடித்தது அபூர்வம்.

“எங்களப் பெருச்சாளிக்குக் குடுத்துட்டல்ல?” என்று கேட்டேன்.

“ஆமா, குடுத்துட்டேன். படு” என்றாள்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பியை நெருக்கிக்கொண்டு, காலைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு, தகரத்தில் விழும் மழையைக் கேட்டபடி கிடப்பேன். நல்ல இடத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டு எங்களை இங்கே தள்ளிவிட்டார்களே என்று நெஞ்சு எரியும். தூங்கிப்போவதற்கு முன்னால் தினமும் பிள்ளையாரை வேண்டிக்கொள்வேன். அம்மாவும் அப்பாவும் ஒருநாளாவது என்னைப்போலப் பயந்துகொண்டு படுக்க வேண்டும் சாமி என்று.